பித்தளைப் படியும் தகர டப்பாவும்

தம்பி,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை, பெற்றவள் என்பதால் பார்த்தேன். இரண்டாவது முறை, நீ இவ்வளவு நம்பிக்கையோடு என்னதான் உளறுகிறாய் என்று சரியாகக் காதில் வாங்கிக்கொள்வதற்காக. மூன்றாவது முறை ஞானம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்காக மட்டும். அவர் பேசுகிற இடம் அரை நிமிஷம்கூட இல்லை. அதற்குள் நீ பின்னால் போட்டிருந்த வீணைச் சத்தம் அவரை முழுங்கிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நம் வீட்டுச் சங்கதியை நீ ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினாய், நானும் ஊர் உலகம் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எட்டு ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருந்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தானியம் அளக்கிற பழைய பித்தளைப் படி ஒன்று கிடந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் போன மாதம் வந்து, அதைப் புளி போட்டுத் துலக்கி, வாழை இலை மேல் உட்கார வைத்து, 'அணுவையே அளந்த தமிழனின் அளவை' என்று ஒரு வீடியோ போட்டான். இன்னும் மூன்று வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். தர்மபுரி மண்டபத்தில் வரவேற்பு மேடையில் அந்தப் படியில் ராகியை நிரப்பி வைக்கப் போகிறானாம். நான் மேடையேறி, 'லாபம்' என்று சொல்லி முதல் படி அளந்து, படியை மருமகள் கையில் கொடுக்க வேண்டுமாம். அப்புறம், நம் காட்டில் கூலி வேலை செய்த ஞானம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் மைக்கைப் பிடித்து நம் வீட்டு அளவைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

முடியாது. ஏன் முடியாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். முப்பது விநாடிக்கு மேல் எதையும் பார்க்கப் பொறுமையில்லாத நீ, பெற்றவளுக்காக ஒரு நாள் பொறுத்துக்கொள்.

முதலில் உன் கணக்கைப் பார்ப்போம். முந்திரி, கீழ்முந்திரி, இம்மி, அணு என்று ஏதோ ஜெபமாலை சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாய். மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் இவ்வளவு சின்ன அளவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கண்ணை அகல விரித்துக் கேட்டாய். இதில் என்ன அதிசயம் இருக்கிறது? ஒன்றை முந்நூற்று இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு முந்திரி. அந்தப் பங்கை மறுபடியும் முந்நூற்று இருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி. வகுத்துக்கொண்டே போனால் யாருக்கும் சின்ன எண் கிடைக்கும், அதற்குக் கண் எதற்கு, மைக்ராஸ்கோப் எதற்கு? இந்தப் பின்னங்களை வைத்துக்கொண்டு அவர்கள் அணுவைத் துரத்திக்கொண்டு திரியவில்லை. யார் நிலத்தில் யாருக்கு எத்தனை பங்கு, விளைந்ததில் எவ்வளவு வரி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவனுக்குத்தான் இம்மி வரைக்கும் கணக்கு வேண்டியிருக்கும். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னவென்று எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. பூஜ்யத்தைக் கண்டுபிடித்ததே நாம்தான் என்று சொல்லிக்கொண்டே திரையில் பழைய தமிழ் எண்களை ஓட விட்டாய். அந்த எழுத்துகளில் பத்துக்குத் தனிக் குறி, நூறுக்குத் தனிக் குறி, ஆயிரத்துக்குத் தனிக் குறி. பூஜ்யமே வேண்டாம் என்று ஏற்பாடு செய்துகொண்டவர்களைப் பிடித்து வந்து பூஜ்யத்துக்குச் சாட்சி சொல்ல வைத்தாய். கீழே நூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு யார் கணக்கு சொல்லிக் கொடுத்தார்களோ.

ஆறாம் வகுப்பில் நீ என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாய். முக்காலும் அரைக்காலும் எவ்வளவு என்று கேட்டேன். 'ஒன்று' என்றாய். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மர ஸ்கேலால் உள்ளங்கையில் நாலு போட்டேன். தப்பு செய்தேன். அந்த அடியால் உனக்குக் கணக்கு வரவில்லை, கணக்கின் மேல் பயபக்திதான் வந்தது. கணக்குத் தெரிந்தவன் சரிபார்ப்பான், பயபக்தி உள்ளவன் கும்பிடுவான். நீ இன்று வாழை இலை போட்டுக் கும்பிடுவதற்கு அந்த ஸ்கேலும் ஒரு காரணம். முக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் ஒன்று ஆகாது, ஒன்றுக்கு இன்னும் ஓர் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறையும். இதை ஞாபகம் வைத்துக்கொள், இந்தக் கடிதத்திலேயே மறுபடி வரும்.

அடுத்து, 'நம் முன்னோர் உடம்பையே அளவுகோலாக வைத்து இயற்கையோடு வாழ்ந்தார்கள்' என்றாய். விரல், சாண், முழம் எல்லாம் சரி. யார் உடம்பு என்று கேட்டாயா? காரிமங்கலம் சந்தையில் பூ விற்கிறவள் குட்டைக் கைக்காரி என்றால் நான் பக்கத்துக் கூடைக்குப் போய்விடுவேன். அந்தப் புத்தி எனக்கு இருக்கிற மாதிரி அந்தக் காலத்து ஜனங்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் ராஜாவின் பாதம்தான் அளவு என்று ஆனபின் எந்தக் குடியானவன் வேறு பாதம் தேடிப் போக முடியும்? நிலம் அளக்கிற கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருப்பதைப் பெருமையாகக் காட்டினாய். ஊருக்கு ஊர் கோல் வேறு, மரக்கால் வேறு என்று இருந்ததால்தான் கல்லில் வெட்ட வேண்டி வந்தது. ஒருவரை ஒருவர் நம்புகிற இடத்தில் யாரும் உளியை எடுக்க மாட்டார்கள். நீ காட்டிய அந்தக் கோடு, ஏமாந்தவர்கள் போட்ட கூச்சலுக்குக் கிடைத்த பதில் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். ஊரில் எத்தனையோ பேர் இப்படிப் பேசிக்கொண்டு திரிகிறார்கள், என் மகனும் அதில் ஒருத்தன் என்று போனை அணைத்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்து நீ படியைத் தலைகீழாகக் கவிழ்த்தாய். அதன் அடிப்பக்கம் உள்ளே குழிந்திருக்கும், உள்பக்கம் பார்த்தால் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி மேடாக இருக்கும். அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விரலால் தடவிக்கொண்டே சொன்னாய்: 'இதப் பாருங்க நண்பர்களே, அடியில ஒரு வளைவு. தானியத்துக்குக் காத்தோட்டம் கெடைக்கணும்னு நம்ம முன்னோர் வெச்ச டெக்னாலஜி!'

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தேன். காற்றோட்டமா? அட முட்டாளே, அது சுத்தியலால் தட்டிய மேடு. உன் தாத்தா தட்ட வைத்த மேடு.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். என் மாமியார் முன்பே தவறிவிட்டதால், தானியம் போட்டிருந்த அறைச் சாவி என் கைக்கு வந்தது. உன் தாத்தா இரண்டு படிகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று அரசாங்க முத்திரை குத்திய இரும்புப் படி. இன்னொன்று இந்தப் பித்தளைப் படி.

"டீச்சரே, சந்தைக்கு விக்கறதுக்கு இரும்புப் படி. கூலி போடறதுக்குப் பித்தளப் படி. மாத்தி எடுத்துறாதம்மா" என்றார்.

"ரெண்டும் ஒரே படிதானுங்களே மாமா?"

"ஒண்ணுதான். ஆனா மாத்தி எடுத்துறாத."

கணக்குப் படித்தவளிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருப்பாளா? அவர் காட்டுக்குப் போனதும் இரும்புப் படியில் ஏழு படி தண்ணீரை அளந்து ஒரு அண்டாவில் ஊற்றினேன். அதையே பித்தளைப் படியால் அளந்து வெளியே எடுத்தேன். எட்டுப் படி வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் செய்தேன், சொட்டு மாறாமல் எட்டு. அப்படியென்றால் பித்தளைப் படியில் முக்காலே அரைக்கால்தான் பிடிக்கும். நீ ஆறாம் வகுப்பில் 'ஒன்று' என்று சொன்னாயே, அதே முக்காலும் அரைக்காலும். உன் தாத்தாவும் அதைத்தான் ஒன்று என்று சொல்லிக் கூலி போட்டுக்கொண்டிருந்தார், அவரை ஸ்கேலால் அடிக்கத்தான் யாரும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. விடை முழுசாக, அழகாக வந்ததில் எனக்குச் சந்தோஷம் வந்தது. சாயங்காலம் அவர் வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, "அரைக்கால் கொறையுதுங்க மாமா" என்றேன். பரீட்சையில் விடை சொல்கிற பிள்ளை மாதிரி சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கணக்கு டீச்சர்னா சும்மாவா" என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்று என் மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடத்தில் பின்னம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அதே பின்னத்தைக் கூலிக்காரர்கள் முறத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். பதினொரு வருஷம். நாள் கூலிக்குப் பணம் கொடுக்கிற வழக்கம் வந்த பிறகுதான் அந்தப் படி பரணுக்கு ஏறியது. என் மனசு மாறி ஏறவில்லை.

'லாபம்' என்று சொல்லி அளக்க வேண்டும் என்று கேட்டாயே, அந்த முறையும் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அளக்கிறவர் முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அடுத்த படியிலிருந்து ரெண்டு, மூணு என்று போகும். ஒன்றுக்குப் பதில் லாபம். மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்பார்கள். அந்த லாபம் யாருக்கு என்று எதிரில் முறத்தை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. கோபுரம் மாதிரி குவித்துத்தான் அளப்பேன். மேலே குவித்தால் பார்க்கிற கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

ஞானம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் காலத்தில் நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதா கோயிலில் ஒரே பூசைக்கு முழங்கால் போட்டவர்கள்தான் நாங்கள், வெளியே வந்ததும் அவர் எனக்கு 'டீச்சரம்மா', எனக்கு அவர் 'ஞானம்மா, இங்க வா'. எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்கு வந்த நாளைக் கணக்கு வைக்க, பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரு கயிறாகத் திரித்து வைத்திருப்பார். முழு நாள் வேலை என்றால் பெரிய முடிச்சு. அரை நாள் என்றால் சின்ன முடிச்சு. ஆதி மனிதன் எப்படி எண்ணினான் என்று உன் வீடியோவில் எங்கோ ஒரு குகைப் படத்தைக் காட்டினாய். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

ஒரு வருஷம் ராகி அறுப்பு முடிந்து, எல்லா நாள் கூலியையும் சேர்த்துப் போடுகிற நாள். நான் நோட்டைப் பிரித்து, "ஞானம்மா, உனக்குப் பதினெட்டு நாளு" என்றேன்.

அவர் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "பெரிய முடிச்சு பதினெட்டு, சரிங்க டீச்சரம்மா. சின்ன முடிச்சு ஆறு இருக்குதுங்களே. ரெண்டு சேந்தா ஒண்ணுங்க. இருவத்தியொண்ணு வருதுங்க."

என் நோட்டில் அரை நாளுக்கு இடமே கிடையாது. அரை நாளெல்லாம் கணக்கில் வராது என்று உன் தாத்தா சொல்லியிருந்தார், நானும் எழுதவில்லை. அன்றைக்குக் காலையில்தான் நாலாம் வகுப்புக் கரும்பலகையில் 'அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்திருந்தேன். சாக்பீஸ் தூள்கூடச் சேலையில் அப்படியே இருந்தது. அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

"முடிச்சுப் போட்டு எண்ணுற காலமெல்லாம் போயிருச்சு ஞானம்மா. நோட்டுல இருக்கறதுதான் கணக்கு" என்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பயந்து சிரித்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு முறத்தை நீட்டினார். லாபம், ரெண்டு, மூணு என்று பதினெட்டு நாளுக்கு முப்பத்தாறு படி அளந்தேன். எல்லாம் பித்தளைப் படி.

இந்த ஞானம்மாவிடம்தான் நீ கேமராவோடு போனாய். என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அவர் வீட்டுக்குள் சுவரோரம் ஒரு துருப்பிடித்த தகர டப்பா இருந்தது, ஆணியில் ஒரு துணிக் கயிறு தொங்கியது. "ஆயா, இதெல்லாம் ஃப்ரேம்ல குப்ப மாதிரி தெரியுது, எடுத்துரலாமா?" என்று கேட்டு நீயே எடுத்து ஓரமாக வைத்தாய். அவரும் "எடுத்துரு சாமி" என்றார். அப்புறம் படியை அவர் மடியில் வைத்து, "அந்தக் காலத்துல எங்க வூட்டுல எப்படி அளப்பாங்க ஆயா?" என்று கேட்டாய். அவர் படியைப் பார்த்தார். தலையைத் தூக்கி, கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"கொறையில்லாம அளந்தாங்க சாமி. கோபுரமாத்தான் அளந்தாங்க."

"சூப்பர் ஆயா, ஒரே டேக்குல முடிச்சிட்டீங்க!" என்று நீ குதித்தாய். நான் அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வண்டியில் வரும்போது காரிமங்கலத்தில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாய், அதையும் குடித்தேன்.

மறுநாள் நீ பெங்களூர் பஸ் ஏறியதும், படியை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. தம்பி மறுபடியும் படம் புடிக்க வருதுங்களா?"

"இல்லைங்க. நான் மட்டுந்தான் வந்தேன்" என்றேன். நாற்பது வருஷத்தில் முதல் முறையாக அவரிடம் 'ங்க' போட்டேன். அவர் கை ஒரு நொடி நின்றது, அப்புறம் மறுபடி கொட்டை எடுக்கப் போய்விட்டது. நான் படியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். "நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் படியைக் கவிழ்த்து, அந்தக் குழியைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். "நல்லாத் தொலக்கியிருக்குது தம்பி" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

எழுந்து உள்ளே போனார். நீ குப்பை என்று ஒதுக்கிய தகர டப்பாவை எடுத்து வந்தார். மாதா கோயிலில் முன்பு இலவசமாகக் கொடுத்த பால் பவுடர் டப்பா அது. உள்ளே இருந்த மிளகாய்த்தூளை முறத்தில் கொட்டிவிட்டு, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார். உள்பக்கம் ஆணியால் கீறிய இரண்டு கோடு.

"மேல் கோடு கடக்காரரு படிங்க. அதுல ஒரு படி வாங்கி இதுல கொட்டுனா அது வரைக்கும் வரும். கீழ் கோடு உங்க வூட்டுப் படி."

"எப்பக் கீறினீங்க?"

"நீங்க இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முந்தியேங்க. பெரியவரு அளக்கறப்பவே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலைங்க?"

"கேட்டா அடுத்த நாளு வேல இருக்காதுங்களே. கோட்டப் பாத்துக்கிட்டா, எத்தன நாளு களி வரும், எப்பக் கூழு காய்ச்சணும்னு தெரியுமில்லிங்க. நாளுக்கு ரெண்டு படி. நாலு நாளைக்கு ஒரு படி போயிரும். அஞ்சாம் நாளு கூழு."

நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். இரண்டு படிக்கு இரண்டு அரைக்கால், அதாவது நாளுக்குக் கால் படி. நாலு நாளைக்கு ஒரு படி. சரி. அண்டாவில் தண்ணீர் ஊற்றி நான் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டதை, அவர் அதற்கு முன்பே ஓர் ஆணியால் கண்டுபிடித்து அதன்படி பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார். நாம் அடிக்கிற கொள்ளைக்கு அவர் கோடு போட்டு வைத்திருந்தார், அந்த அளவு மட்டும்தான் நம் ஊரில் உண்மையாக இருந்திருக்கிறது. பழங்கால அளவைகளைத் தேடிப் போன என் மகன் அதைத்தான் கையால் தூக்கிக் குப்பை என்று ஓரம் வைத்தான்.

"அப்புறம் எதுக்குங்க தம்பிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அது ஆசையாக் கேட்டுச்சுங்க. இல்லன்னு சொன்னா மொகம் வாடிப் போயிருமில்ல. நான் இடுப்புல தூக்குன புள்ள." அப்புறம் குரலைத் தாழ்த்தி, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்: "நீங்க பயப்படாதீங்க டீச்சரம்மா. மேடையிலயும் அப்படியே சொல்லிடறேன்."

தம்பி, நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் நினைத்தது, வாயை மூடிக்கொள் என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று. அப்படி நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. பதினொரு வருஷம் நான் கொடுத்த அளவில் வேறு எதை எதிர்பார்ப்பார்? எனக்கு அங்கே அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதால் அதற்கும் அவர்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

மேடையில் அந்தப் பித்தளைப் படிக்குப் பதில் இந்த டப்பாவை வைக்கலாமா, தருவீர்களா என்று கேட்டேன். "அய்யோ, அப்புறம் மொளகாத்தூள எதுலங்க போடறது?" என்று வாங்கித் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அந்தத் துணிக் கயிறும் மறுபடி ஆணிக்குப் போயிருந்தது. புது முடிச்சுகள். எதற்கு என்று கேட்டேன். உன் கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்ப்பதற்காம். நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்கிறாராம்.

இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் காட்டினேன். முழுதும் படித்தார். படித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், அந்தப் பதினொரு வருஷமும் அப்படித்தான் போனார். ஒரு நகல் இண்டூரில் இருக்கும் பெண் வீட்டுக்கும் அனுப்புகிறேன். நிச்சயதார்த்தத்து அன்று உன் வருங்கால மனைவி அந்தப் படியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது எத்தன லிட்டர் புடிக்கும்?" என்று கேட்டாள். நீ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். "தெரியலம்மா" என்று நான் பொய் சொன்னேன். முதலில் அந்தக் கேள்வியைக் கேட்ட புத்திசாலிப் பெண் அவள்தான். அவளுக்குப் பதில் போய்ச் சேரட்டும். என் மாமனார் என் கையில் கொடுத்ததை நான் அவள் கையில் கொடுக்க மாட்டேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், உன் சொந்த யோசனைக்கு விட்டால் அதற்கும் வீணை போடுவாய். அந்த வீடியோவை எடுத்துவிடு. ஞானம்மாவுக்குப் பத்திரிகை கொடுத்தாய், அவர் வரட்டும், முன் வரிசையில் உட்கார்ந்து வயிறார விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பொன்னாடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். மைக்கைக் கொடுத்தால் அவர் நமக்காக மறுபடியும் பொய் சொல்லிவிடுவார், நாம் கேட்காமலேயே சொல்லிவிடுவார். அதை ஒரு முறை கேட்டுக்கொண்டு நின்றேன், இன்னொரு முறை நிற்க மாட்டேன். இதையும் மீறிப் படியை மேடையில் வைத்தாயானால் நானும் மேடையேறுவேன், இரும்புப் படியையும் ஓர் அண்டா தண்ணீரையும் எடுத்துக்கொண்டு. உன் ஆபீஸ்காரர்கள் முன்னால் ஏழு படியை எட்டுப் படியாக அளந்து காட்டுவேன். அதை வீடியோ எடுத்துக்கொள்.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை வா. கேமரா வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போ. அந்த டப்பாவைக் கேள். மிளகாய்த்தூளை முறத்தில் கொட்டிக்கொண்டு கொடுப்பார். உள்ளே கையை விட்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவில் உன் ஆள்காட்டி விரலைப் படுக்க வை. நான் வைத்துப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் கொஞ்சம்கூட இடம் இல்லாமல் சரியாகப் பொருந்தியது. உனக்கும் பொருந்தும். நீ பிறந்த அன்றிலிருந்தே எல்லோரும் சொல்வதுதானே, உனக்கு அப்படியே அம்மா கை என்று.

இப்படிக்கு,
பதினொரு வருஷம் அளந்த
அம்மா